சி-பேஸ் நிதி: அமெரிக்காவில் வணிகக் கட்டிடம் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹோட்டல், அலுவலகக் கட்டிடம், கிளினிக், கிடங்கு, கடை வரிசை என்று அமெரிக்காவில் ஏதேனும் வணிகச் சொத்து வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. பழைய ஏசியையும் விளக்குகளையும் மாற்றவும் கூரையில் சோலார் போடவும் உள்ளாட்சி வழியாகக் கிடைக்கும் சி-பேஸ் நிதியைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், கவுன்டிக்குக் கவுன்டி மாறும். எல்லா இடத்துக்கும் பொதுவானதைச் சொல்லிவிட்டு, மாறுகிற இடத்தில் அதையும் குறிப்பிடுகிறோம்.

சி-பேஸ் என்பது என்ன?

கட்டிடத்தின் ஆற்றல் செலவைக் குறைக்கும் வேலைக்கு நீண்ட காலக் கடன் வாங்கி, அதைச் சொத்து வரியைப் போலவே தவணையாகக் கட்டுவதுதான் சி-பேஸ் (C-PACE). சாலை, சாக்கடை, நடைபாதை போடும்போது அதனால் பயன்பெறும் சொத்துகளின் மேல் உள்ளாட்சி தனி வரி விதித்து வசூலிப்பது அமெரிக்காவில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம். அந்தச் சட்ட வழியைச் சோலாருக்கும் பயன்படுத்தலாம் என்று 2008-ல் செய்து காட்டியது கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம்.

பெர்க்லியின் திட்டம் பெரும்பாலும் வீடுகளுக்கானது. 2010 ஜூலையில் வீட்டுக் கடன் சந்தையின் கூட்டாட்சி ஒழுங்காணையமான எஃப்எச்எஃப்ஏ, இந்தத் தனி வரி வங்கியின் அடமானத்துக்கு முன்வரிசையில் நிற்பதை எதிர்த்தது. பல ஊர்களில் வீட்டுத் திட்டங்கள் நின்றுபோயின. வணிகக் கட்டிடங்கள் அந்தத் தகராறுக்குள் வரவில்லை. கனெக்டிகட் 2012-ல் வணிகக் கட்டிடங்களுக்கென்று சட்டம் இயற்றியது, டெக்சாஸ் 2013-ல் இயற்றியது, அடுத்தடுத்துப் பல மாநிலங்கள் சேர்ந்தன.

பணம் கொடுப்பது அரசாங்கமா?

பெரும்பாலான இடங்களில் இல்லை. பணம் தனியார் நிதி நிறுவனத்துடையது. உள்ளாட்சி செய்வது ஒன்றுதான்: உங்களோடு ஒப்பந்தம் போட்டு, சொத்தின் மேல் தனி வரியை விதித்து, அதற்கான லியனை, அதாவது சொத்தின் மீதான உரிமையை, கவுன்டிப் பதிவேட்டில் ஏற்றும். பிறகு அந்த உரிமையை நிதி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடும். வரி செலுத்துவோரின் பணம் இதில் போவதில்லை. விதிவிலக்காக, கனெக்டிகட் பசுமை வங்கி போன்ற பொது அமைப்புகள் தங்கள் சொந்த நிதியையும் கொடுக்கின்றன.

நடுவில் திட்ட நிர்வாகி என்று ஒருவர் இருப்பார். டெக்சாஸில் டெக்சாஸ் பேஸ் அத்தாரிட்டி, மிச்சிகனில் லீன் அண்ட் கிரீன் மிச்சிகன், மின்னசோட்டாவில் செயின்ட் பால் போர்ட் அத்தாரிட்டி இந்த வேலையைச் செய்கின்றன. விண்ணப்பத்தைச் சரிபார்ப்பதும் வேலை தகுதியானதா என்று பார்ப்பதும் இவர்கள் பொறுப்பு. இவர்களிடம் பேசுவதற்குக் கட்டணம் கிடையாது. ஆகவே விற்பனைப் பிரதிநிதியிடம் போவதற்கு முன்பு நிர்வாகியிடம் பேசிவிடுங்கள்.

என் ஊரில் இது உண்டா?

இரண்டு கதவுகள் திறந்திருக்க வேண்டும். முதலாவது, மாநிலச் சட்டம். 38 மாநிலங்களுக்குக் குறையாமலும் வாஷிங்டன் டி.சி.யிலும் சட்டம் இருக்கிறது. இரண்டாவது, உங்கள் கவுன்டியோ நகரமோ அதை ஏற்றுத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். டெக்சாஸில் 2014-ல் முதலில் ஏற்றது டிராவிஸ் கவுன்டி. பக்கத்துக் கவுன்டி ஏற்றிருந்தாலும் உங்கள் கவுன்டி ஏற்கவில்லை என்றால் உங்களுக்குக் கிடைக்காது. கவுன்டி எல்லை எந்தத் தெருவில் போகிறது என்பதைச் சொத்து வரி ரசீதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், அஞ்சல் முகவரியை நம்பவேண்டாம்.

எந்தக் கட்டிடங்களுக்குக் கிடைக்கும்?

அலுவலகம், ஹோட்டல், கடை, தொழிற்சாலை, கிடங்கு, மருத்துவக் கட்டிடம், முதியோர் இல்லம், லாப நோக்கற்ற அமைப்பின் கட்டிடம் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். பெரும்பாலான மாநிலங்களில் 5 வீடுகளும் அதற்கு மேலும் உள்ள அடுக்ககங்கள் சேரும். 1 முதல் 4 வீடுகள் உள்ளவை சேராது. அரசுக் கட்டிடங்களும் சேராது. பெட்ரோல் பங்க் சேரும், ஆனால் நிலத்தடித் தொட்டி இருப்பதால் சுற்றுச்சூழல் அறிக்கை கேட்பார்கள், அதற்கு நேரமும் செலவும் ஆகும்.

சொத்து உரிமையாளரிடம் எதிர்பார்ப்பது: சொத்து வரி பாக்கி இருக்கக் கூடாது, அடமானத் தவணை தவறியிருக்கக் கூடாது, திவால் வழக்கு நடப்பில் இருக்கக் கூடாது, கூலி பாக்கிக்காக எந்தக் கான்ட்ராக்டரும் சொத்தின் மேல் லியன் போட்டிருக்கக் கூடாது. கடைசியில் சொன்னதில்தான் பலர் மாட்டுகிறார்கள். என்றோ தீர்த்த கணக்குக்கு விடுதலைப் பத்திரம் பதியாமல் விட்டிருப்பார்கள், அது பத்திர ஆய்வில் தலை நீட்டும். டைட்டில் அறிக்கையை விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துப் பார்த்துவிட்டால் ஒரு மாதம் மிச்சம்.

எந்த வேலைகளுக்கு வாங்கலாம்?

கட்டிடத்தோடு நிரந்தரமாக இணைந்த, ஆற்றலையோ தண்ணீரையோ மிச்சப்படுத்தும் எதற்கும்: ஏசி, ஹீட் பம்ப், பாய்லர், சில்லர், எல்இடி விளக்குகள், கட்டிடக் கட்டுப்பாட்டுக் கருவிகள், ஜன்னல், இன்சுலேஷன், சோலார், பேட்டரி, லிஃப்டின் மோட்டார். பிளக்கில் செருகிக் கழற்றிக்கொண்டு போகக்கூடியது எதுவும் சேராது. கலிஃபோர்னியாவில் நிலநடுக்கப் பாதுகாப்புக்கும், ஃபுளோரிடாவில் புயலைத் தாங்கும் வேலைகளுக்கும் வாங்கலாம். வாஷிங்டன் மாநிலத்தின் 2020 சட்டமும் இப்படிப்பட்ட தாங்குதிறன் வேலைகளைச் சேர்த்திருக்கிறது. பல மாநிலங்களில் புதுக் கட்டிடத்துக்கும் உண்டு.

ஆற்றல் ஆடிட் (கட்டிடத்தின் ஆற்றல் செலவை ஆராய்வது) கட்டணம், வடிவமைப்பு, பர்மிட், சட்டக் கட்டணம், கட்டுமான கால வட்டி எல்லாவற்றையும் கடனுக்குள்ளேயே அடக்கலாம். 100 சதவீத நிதி என்று சொல்வது இதைத்தான்.

வட்டி, காலம், தொகை எப்படி?

வட்டி நிலையானது. கருவூலப் பத்திர வட்டியின் மேல் ஒரு விகிதம் சேர்த்து, கையெழுத்துக்கு முன்பு பூட்டுவார்கள். காலம் பொதுவாக 20 முதல் 25 ஆண்டு, 30 வரையும் போகும். ஆனால் போடும் கருவிகளின் சராசரி ஆயுளைத் தாண்டக் கூடாது. தொகை சொத்து மதிப்பில் 20 முதல் 35 சதவீதத்துக்குள் நிற்கும். அடமானத்தையும் இதையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பார்கள். தனியார் நிறுவனங்கள் பலவும் 2.5 லட்சம் அல்லது 5 லட்சம் டாலருக்குக் கீழே வேலை செய்ய விரும்பமாட்டார்கள், ஏனெனில் சட்டக் கட்டணம் சின்னக் கடனுக்கும் பெரிய கடனுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வங்கியில் 7 சதவீதத்துக்குக் கிடைக்கும்போது 7.5 சதவீதத்துக்கு இது எதற்கு?

வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தால் வங்கிக் கடன்தான் மேல். வித்தியாசம் தவணையில் இருக்கிறது. 6 லட்சம் டாலரை 7 ஆண்டு கருவிக் கடனாக 7 சதவீதத்தில் வாங்கினால் ஆண்டுத் தவணை சுமார் 1,11,300 டாலர். அதே தொகை 20 ஆண்டு சி-பேஸாக 7.5 சதவீதத்தில் சுமார் 58,900 டாலர். மின்சாரச் சேமிப்பு ஆண்டுக்கு 60,000 என்றால் வங்கிக் கடனில் ஆண்டுதோறும் கையிலிருந்து 51,000 போடவேண்டும், சி-பேஸில் வேண்டியதில்லை.

அதற்கு விலை உண்டு, அதையும் சொல்லவேண்டும். வங்கிக்கு மொத்தமாகக் கட்டுவது 7.8 லட்சம், சி-பேஸுக்குக் கட்டுவது கிட்டத்தட்ட 11.8 லட்சம். கையில் பணம் இருந்து, 7 ஆண்டுத் தவணையைச் சுமக்க முடியும் என்றால் வங்கிக்கே போங்கள். கட்டிடத்துக்கு வேறு செலவுகள் காத்திருக்கின்றன, ரொக்கம் வெளியே போகக் கூடாது என்பவர்களுக்குத்தான் சி-பேஸ் பொருந்தும்.

தவணையைச் சேமிப்பே கட்டிவிடும் என்கிறார்களே, உண்மையா?

கட்டிவிடலாம். ஆனால் கான்ட்ராக்டர் தரும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 60,000 சதுர அடி அலுவலகக் கட்டிடம் ஒன்றை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கூரையில் 120 கிலோவாட் சோலார் 3 லட்சம் டாலர், எல்இடி 80,000, எட்டு கூரை ஏசி எந்திரங்கள் 1,76,000, ஆடிட்டும் கட்டணங்களும் 44,000. மொத்தம் 6 லட்சம்.

விற்பனைத் தாளில் இப்படி இருக்கும்: சோலார் ஆண்டுக்கு 1,50,000 யூனிட், எல்இடி 1,40,000, ஏசி 1,10,000, ஆக 4 லட்சம் யூனிட். உங்கள் பில்லை யூனிட்டால் வகுத்தால் யூனிட் 15 சென்ட். சேமிப்பு 60,000 டாலர், விளக்குப் பராமரிப்பில் 4,000, மொத்தம் 64,000. தவணையைக் காட்டிலும் 5,000 கூடுதல். கையெழுத்துப் போட வேண்டியதுதான் என்று தோன்றும்.

பில்லை விரித்துப் பாருங்கள். அந்த 15 சென்ட் சராசரி. வணிக மின் இணைப்பில் டிமாண்ட் கட்டணம் தனி. மாதத்தில் எந்த 15 நிமிடத்தில் மிக அதிகமாக மின்சாரம் இழுத்தீர்களோ, அந்தக் கிலோவாட்டுக்கு விதிப்பது அது. யூனிட்டுக்கான கட்டணம் மட்டும் 9 சென்டாக இருக்கலாம். எல்இடியும் புது ஏசியும் டிமாண்டையும் குறைக்கும். சோலார் அப்படியல்ல. மாலை 5 மணிக்கு ஒரு மேகம் மறைத்தாலும் அந்த மாத உச்சம் பழையபடியே நிற்கும். ஆகவே சோலாரின் 1,50,000 யூனிட்டை 9 சென்டில்தான் கணக்கிட வேண்டும். 9,000 டாலர் போய்விடுகிறது, சேமிப்பு 55,000.

காலத்தையும் பாருங்கள். சோலாருக்கு 25 ஆண்டு, ஏசிக்கு 20, எல்இடிக்கு 15 என்று ஆயுள் வைத்தால், செலவை வைத்து எடைபோட்ட சராசரி 22 ஆண்டு. 22 ஆண்டுக்கு 7.5 சதவீதத்தில் தவணை சுமார் 56,500 டாலர். ஆண்டுக்கு 1,500 துண்டு விழுகிறது. 25 ஆண்டு போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், நிர்வாகி அதை ஏற்கமாட்டார்.

இன்னும் நான்கு இடங்களில் கணக்கு ஏமாற்றும். மின்கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறும் என்று போட்டால் எந்தத் திட்டமும் லாபமாகத் தெரியும். 2 சதவீதத்திலும், ஏறவே இல்லை என்றும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோலார் தகடு ஆண்டுக்கு அரை சதவீதம் அளவுக்குத் திறன் இழக்கும். எல்இடி வெப்பம் குறைவாக விடுவதால் குளிர் மாநிலங்களில் சூடாக்கும் எரிவாயுச் செலவு கொஞ்சம் கூடும். எல்இடியின் சேமிப்பையும் ஏசியின் சேமிப்பையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுவதும் தவறு. விளக்கு குறைவாகச் சூடாக்கினால் ஏசிக்கு வேலையே குறைவு, அங்கே மிச்சமாவதும் குறைவுதான்.

கனெக்டிகட்டில் ஆயுள்காலச் சேமிப்பு ஆயுள்காலச் செலவைவிடக் கூடுதல் என்று காட்டுவது கட்டாயம். சில மாநிலங்கள் இதைக் கேட்பதில்லை. கேட்காத மாநிலத்தில் இருந்தாலும் நீங்களே கேளுங்கள். ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் வகுத்த 2-ஆம் நிலை ஆற்றல் ஆடிட் செய்யும் பொறியாளர் சோலாரோ ஏசியோ விற்பவராக இருக்கக் கூடாது.

என் அடமானம் வைத்திருக்கும் வங்கி சம்மதிக்க வேண்டுமா?

வேண்டும். ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் எழுத்துமூலச் சம்மதம் தேவை. டெக்சாஸில் சட்டமே அதைக் கேட்கிறது. திட்டங்கள் அதிகம் முறிவதும் இங்கேதான். ஆடிட் முடிந்து, டிசைன் முடிந்து, கான்ட்ராக்டருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு நான்காம் மாதம் வங்கிக்குப் போகிறார்கள். அங்கே முடியாது என்று சொன்னால் செலவழித்தது எல்லாம் வீண். முதல் வாரத்திலேயே வங்கிக்குப் போங்கள்.

வங்கியின் பயம் நியாயமானது. சொத்து வரிக்கு முன்னுரிமை, அடமானம் அதற்குப் பின்னால். 6 லட்சம் டாலர் தங்களுக்கு முன்னால் வந்து நிற்கிறது என்று நினைப்பார்கள். அவர்களுக்குப் புரியவேண்டியது இது: தவணை தவறினாலும் மொத்தக் கடனும் உடனே கேட்கப்படாது. முன்னுரிமை பாக்கி நிற்கும் தவணைகளுக்கு மட்டுமே. மேலே சொன்ன உதாரணத்தில் ஒன்றரை ஆண்டு கட்டாமல் போனாலும் வங்கிக்கு முன்னால் நிற்பது சுமார் 85,000 டாலர், 6 லட்சம் அல்ல. வங்கிக் கடன் 40 லட்சமும் கட்டிட மதிப்பு 65 லட்சமும் என்றால் இரண்டு கடனும் சேர்ந்து மதிப்பில் 71 சதவீதம்தான்.

கொண்டுபோக வேண்டியது இரண்டு பக்கக் குறிப்பு: வேலைப் பட்டியல், ஆண்டுத் தவணை, கட்டிடத்தின் நிகர வருமானம் தவணைகளுக்கு எத்தனை மடங்கு என்பது இப்போதும் வேலைக்குப் பிறகும், வேலைக்குப் பிந்தைய மதிப்பீடு, பாக்கித் தவணைக்கு மட்டுமே முன்னுரிமை என்ற ஒப்பந்தப் பிரிவு. கிளை மேலாளரால் முடிவு எடுக்க முடியாது. கடன் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆறு மாதத் தவணையை எஸ்க்ரோவில், அதாவது தனி வைப்புக் கணக்கில், வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம், நியாயமான நிபந்தனைதான்.

ஊர் வங்கியும் கிரெடிட் யூனியனும் பேசினால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். உங்கள் கடன் மற்ற வணிக அடமானங்களோடு தொகுக்கப்பட்டு சிஎம்பிஎஸ் பத்திரமாகச் சந்தையில் விற்கப்பட்டிருந்தால் சம்மதம் கிடைப்பது மிகக் கடினம். முடிவெடுக்க வேண்டிய, அந்தக் கடனை நிர்வகிக்கும் சர்வீஸருக்கு அதனால் எந்த லாபமும் இல்லை. கூட்டாட்சி ஆதரவுள்ள அடமான நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் வழியான அடுக்ககக் கடன் என்றாலும் பொதுவாக ஏற்கமாட்டார்கள். அந்த நிலையில் கடனைப் புதுப்பிக்கும் ஆண்டுவரை காத்திருந்து, புது வங்கியோடு பேரம் பேசும்போதே சி-பேஸையும் சேர்த்துக்கொள்வதுதான் வழி.

என்ன வரிசையில் செய்வது? எவ்வளவு காலம் ஆகும்?

முதல் இரண்டு வாரத்தில் சொத்து வரி ரசீது, அடமானப் பத்திரம், டைட்டில் அறிக்கை, 3 ஆண்டு வரவு செலவு, வாடகைப் பட்டியல், 24 மாத மின், எரிவாயு பில்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். அதே நேரம் திட்ட நிர்வாகியோடும் வங்கியோடும் பேச்சு. வங்கி கதவைச் சாத்தவில்லை என்றால் ஆடிட். அது 4 முதல் 6 வாரம். பிறகு குறைந்தது இரண்டு கான்ட்ராக்டர்களிடம் ஒரே வேலைப் பட்டியலுக்கு விலை வாங்கி, குறைந்தது இரண்டு நிதி நிறுவனங்களிடம் நிபந்தனைத் தாள் வாங்குங்கள். வட்டியோடு நிர்வாகக் கட்டணம், முன்கூட்டியே அடைக்க அபராதம், கட்டுமான கால வட்டி ஆகிய மூன்றையும் ஒப்பிடவேண்டும். 7.25 சதவீதத்துக்குக் கொடுத்து, முதல் பத்து ஆண்டுக்குள் அடைத்தால் பெருந்தொகை அபராதம் கேட்பவரைவிட, 7.5 சதவீதத்துக்குக் கொடுத்து, அபராதத்தை 5 சதவீதத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு சதவீதமாகக் குறைத்துக்கொண்டு வருபவர் மேல்.

அதன்பின் நிறுவனத்தின் ஆய்வு, வங்கியின் சம்மதக் கடிதம், உள்ளாட்சியோடு ஒப்பந்தக் கையெழுத்து, பதிவு. எல்லாம் சேர்ந்து 3 முதல் 6 மாதம். பணம் ஒரே தடவையில் வராது. வேலை முன்னேற முன்னேற வரும், 5 முதல் 10 சதவீதம் கடைசிச் சோதனை முடியும்வரை பிடித்துவைக்கப்படும். கான்ட்ராக்டருக்கு இதை ஒப்பந்தத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கடைசி மாதம் அவருக்கும் உங்களுக்கும் சண்டை வரும்.

வேலையை முதலில் ஆரம்பித்துவிட்டேன், அல்லது முடித்துவிட்டேன். இப்போது வாங்கலாமா?

சில மாநிலங்களில் கடந்த 2 அல்லது 3 ஆண்டுக்குள் முடித்த வேலைக்கும் கொடுப்பார்கள். சில மாநிலங்களில் கையெழுத்துக்கு முன்பு ஒரு போல்ட் முடுக்கினாலும் அந்தப் பகுதி சேராது. ஆரம்பிக்கும் முன் நிர்வாகியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

வேலை நடக்கும்போது என்னென்ன தவறும்?

கூரை முதலாவது. சோலார் 25 ஆண்டு நிற்கும், அதன் கீழுள்ள கூரைக்கு 6 ஆண்டு உயிர் என்றால் நடுவில் எல்லாத் தகடுகளையும் இறக்கி ஏற்றவேண்டும். 10 ஆண்டுக்குக் குறைவாக ஆயுள் மீதமுள்ள கூரையில் சோலார் போடாதீர்கள். கூரை மாற்றும் செலவை, குறிப்பாக இன்சுலேஷனோடு சேர்ந்ததை, பல திட்டங்கள் சேர்த்துக்கொள்ளும். துளையிடாமல் கான்கிரீட் எடை வைத்து நிறுத்தும் சோலார் சதுர அடிக்கு 3 முதல் 6 பவுண்டு பாரம் ஏற்றும். பழைய கூரைக்கு அது தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரின் கடிதம் விலை பேசும் முன்பே வேண்டும்.

அடுத்து மின் பேனல். சோலாரின் பிரேக்கர் பழைய பேனலில் இடம்பெற முடியாமல் முழுப் பேனலையும் மாற்ற நேர்வது உண்டு. மின் நிறுவனம் தெருவிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரை மாற்றவேண்டும் என்று சொல்லி அந்தச் செலவையும் உங்கள் தலையில் வைக்கலாம். ஆகவே மின் இணைப்பு விண்ணப்பத்தைக் கையெழுத்துக்கு முன்பே போட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு தொகையை முடிவு செய்யுங்கள்.

கூரை ஏசியில் மறந்துபோகும் செலவு, பழைய எந்திரம் உட்கார்ந்திருக்கும் இரும்புச் சட்டம். புது எந்திரத்தின் அடிப்பாகம் அதற்குப் பொருந்தாது, இடையில் அடாப்டர் வேண்டும், உயரமும் எடையும் கூடும், கிரேன் வாடகை தனி. ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் வாயுவில் ஓடும் புது எந்திரங்களின் உற்பத்தி இந்த வகையில் 2025 தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டது. இப்போது வருபவை ஆர்-454பி அல்லது ஆர்-32. இரண்டும் லேசாகத் தீப்பற்றக்கூடியவை, கசிவு உணரிகள் தேவைப்படலாம். பழைய விலைத்தாளை வைத்துப் பேசும் கான்ட்ராக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

எதிர்பாராத செலவுக்கென்று கடனுக்குள்ளேயே 5 முதல் 10 சதவீதம் ஒதுக்குங்கள். கையெழுத்து ஆனபின் தொகையைக் கூட்டுவது புதிதாக விண்ணப்பிப்பதற்குச் சமம்.

குத்தகைதாரர் மின்கட்டணத்தைக் கட்டுகிறார். சேமிப்பு அவருக்கு, தவணை எனக்கா?

குத்தகையைப் பொறுத்தது. வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் குத்தகைதாரர் பொறுப்பு என்ற டிரிப்பிள் நெட் குத்தகையில், சொத்து வரிப் பிரிவு தனி வரிகளையும் உள்ளடக்கும் என்றால் தவணையையும் அவர் கட்டுவார், மின் சேமிப்பும் அவருக்கே. கணக்கு நேர்படும். ஆனால் சில குத்தகைகளில் மூலதன மேம்பாட்டுக்கான தனி வரியைத் தெளிவாக விலக்கியிருப்பார்கள். சிலவற்றில் பொதுச்செலவு ஆண்டுக்கு இவ்வளவு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பு இருக்கும். வழக்கறிஞர் ஒவ்வொரு குத்தகையையும் எடுத்து அந்த ஒரு பிரிவை மட்டும் படித்துச் சொன்னால் போதும். கடை காலியானால் அதன் பங்குத் தவணை உங்கள் மேல் விழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கட்டிடத்தை விற்றால்?

தனி வரி நிலத்தோடு போகும். சட்டப்படி புது உரிமையாளர் மீதித் தவணையைக் கட்டுவார். நடைமுறையில் வாங்குபவரின் வங்கி இதை ஏற்கவேண்டும், வாங்குபவரும் விலையில் பேரம் பேசுவார். முழுக்கடனையும் அடைத்துக் கொடுங்கள் என்று கேட்பதும் உண்டு, அப்போதுதான் முன்கூட்டி அடைக்கும் அபராதம் கடிக்கும். ஐந்து ஆண்டில் விற்கும் எண்ணம் இருந்தால் குறைந்த வட்டியைவிட குறைந்த அபராதத்தைத் தேடுங்கள்.

தவணை கட்டத் தவறினால்?

சொத்து வரி கட்டத் தவறினால் என்ன ஆகுமோ அதுவே. பல இடங்களில் கவுன்டி விதிக்கும் அபராத வட்டி, அதற்கும் அசைந்து கொடுக்காவிட்டால் சொத்து ஏலம். பெரும்பாலும் தனிப்பட்ட ஜாமீன் கேட்கமாட்டார்கள். வேலையை முடித்துத் தருவேன் என்ற உறுதிமொழியும், மோசடி செய்தால் பொறுப்பு என்ற பிரிவும் இருக்கும்.

தவணை வரும் மாதத்தைக் கவனியுங்கள். பல கவுன்டிகளில் சொத்து வரி ஆண்டுக்கு இரண்டு முறை, ஆகவே 56,500 டாலர் தவணையில் ஒரே நாளில் 28,000 போகும். மாதாமாதம் தனிக் கணக்கில் ஒதுக்கிவைப்பது நல்லது.

வரிச் சலுகைகளோடு சேர்க்கலாமா?

சேர்க்கலாம். 1 மெகாவாட்டுக்குக் குறைவான சோலாருக்கு 30 சதவீதக் கூட்டாட்சி வரிக்கழிவு. எங்கள் உதாரணத்தில் அது 90,000 டாலர். ஆனால் 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் சோலாருக்குக் காலக்கெடு வைத்துவிட்டது: 2026 ஜூலை 4-க்குள் கட்டுமானம் தொடங்கியிருக்க வேண்டும், அதற்குப் பின் தொடங்கினால் 2027 இறுதிக்குள் மின்சாரம் தந்திருக்க வேண்டும். அதே சட்டத்தால், 2026 ஜூன் 30-க்குப் பின் கட்டுமானம் தொடங்கும் வேலைகளுக்கு 179டி கழிவு (ஆற்றல் சிக்கனக் கட்டிட வேலைக்கான வரிக்கழிவு) கிடையாது. பேட்டரிக்கு இந்தக் குறுகிய கெடு இல்லை. கெடுவைத் தாண்டிய திட்டத்தில் 30 சதவீதத்தைச் சேர்த்துக் காட்டும் விலைத்தாள் கையில் இருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கேளுங்கள்.

தவணை முழுவதையும் சொத்து வரி என்று கழிக்க முடியாது. வட்டிப் பகுதியைச் செலவாகவும், கருவிகளைத் தேய்மானமாகவும் உங்கள் கணக்காளர் (சிபிஏ) கணக்கில் காட்டுவார்.

எங்கள் ஊர்க் கோயிலுக்கோ தமிழ்ப் பள்ளிக் கட்டிடத்துக்கோ வாங்க முடியுமா?

பல மாநிலங்களில் முடியும். சொத்து வரி விலக்கு இருந்தாலும் தனி வரிக்கு உடன்பட்டுக் கையெழுத்துப் போடலாம், அதற்கு மட்டும் தனி ரசீது வரும். வரி கட்டாத அமைப்பு என்பதால் சோலார் கழிவை வருமான வரித்துறையிடமிருந்து நேரடித் தொகையாகப் பெற வழி உண்டு. அதற்குத் தாக்கலுக்கு முன்பே இணையத்தில் பதிவு எண் வாங்கவேண்டும். கோயிலின் சிக்கல் வேறு: மின்சாரம் வார இறுதியிலும் திருவிழாக்களிலும் மட்டும் உச்சத்துக்குப் போகும், மற்ற நாள் சோலார் மின்சாரம் கிரிட்டுக்குப் போகும். அதற்கு மின் நிறுவனம் என்ன விலை கொடுக்கிறது என்பதே திட்டத்தைத் தீர்மானிக்கும். நன்கொடை ஏறி இறங்கும் என்பதால் நிதி நிறுவனம் 3 ஆண்டுக் கணக்கோடு நிர்வாகக் குழுவின் தீர்மானத்தையும் கேட்கும்.

நியூயார்க் நகரில் அபராதம் என்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. 2019-ன் உள்ளூர்ச் சட்டம் 97, பொதுவாக 25,000 சதுர அடிக்கு மேலான கட்டிடங்களுக்கு 2024 முதல் கார்பன் வரம்பு விதித்திருக்கிறது. தாண்டினால் டன்னுக்கு ஆண்டுதோறும் 268 டாலர், 2030-ல் வரம்பு மேலும் இறுகும். அதே ஆண்டின் சட்டம் 96 நகரத்தில் பேஸ் நிதிக்கு வழி திறந்தது. வரம்பைவிட 100 டன் கூடுதல் என்றால் ஆண்டுக்கு 26,800 டாலர். சேமிப்புக் கணக்கில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்கவேண்டும்.

எப்போது வாங்கக் கூடாது?

மூன்று ஆண்டுக்குள் விற்கப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். வேலை 1 லட்சம் டாலருக்குள் அடங்கும் என்றால் மின் நிறுவனத்தின் ரிபேட்டும் சின்ன வங்கிக் கடனும் போதும், கட்டணங்களே சேமிப்பை விழுங்கிவிடும். வாடகைக்கு ஆள் இல்லாமல் கட்டிடமே தள்ளாடுகிறது என்றால் புதுத் தவணை அதை நிமிர்த்தாது. எல்இடி ஒன்றுதான் வேலை என்றாலும் 20 ஆண்டுக் கடன் தேவையில்லை. அது பெரும்பாலும் 2, 3 ஆண்டிலேயே தன் விலையைத் தானே மீட்டுவிடும். எல்இடியைக் கைப்பணத்தில் போட்டுவிட்டு, ஏசி ஆயுள் முடியும் ஆண்டில் கூரையையும் சோலாரையும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போடுங்கள்.